பழைய ஸ்போட்ஸ் காரை யாழ்ப்பாணத்தில் இயந்திர ரீதியாகத் திருத்தி எடுத்தல்: செலவும் ஒழுங்கும்

சுன்னாகத்தில் ஒரு வீட்டு மாலுக்குள் பல வருடங்களாக நின்ற 1963ஆம் ஆண்டு எம்.ஜி மிட்ஜெற் கார் ஒன்றை வாங்கி, அதை மீண்டும் வீதியில் ஓட வைக்க எனக்கு 22 மாதங்கள் எடுத்தன. தொடக்கத்தில் எனக்குச் சொல்லப்பட்ட மதிப்பீடு 6 இலட்சம் ரூபா. முடிவில் என் கொப்பியில் இருந்த கூட்டுத்தொகை 13 இலட்சத்து 76 ஆயிரம் ரூபா. வித்தியாசத்தில் ஒரு பகுதி தவிர்க்க முடியாதது. மறுபகுதி, வேலைகளை முன்பின்னாகச் செய்ததனால் வந்தது. அந்த இரண்டாவது பகுதியை நீங்கள் செலவழிக்கத் தேவையில்லை என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எஞ்சின், கியர்பொக்ஸ், பிரேக், முன் சில்லுத் தொகுதி, குளிரூட்டல், மின்சாரம் ஆகியவற்றை மட்டுமே இங்கே பார்க்கப்போகிறோம். தகர வேலை, பெயின்ற், இருக்கை ஆகியவை தனிக் கணக்கு. கீழே வரும் தொகைகள் யாவும் நான் கொடுத்தவை, கிட்டத்தட்ட முழுமையாக்கப்பட்டவை. ஒரு பிரித்தானியப் பவுணை 400 ரூபாவாகக் கொண்டு கணக்கிட்டிருக்கிறேன். நாணய மாற்று மாறும்போது உங்கள் கணக்கும் மாறும்.

1. பணம் கொடுக்க முன்னர் பத்திரங்களைப் பாருங்கள்

வாகனப் பதிவுச் சான்றிதழில் உள்ள செசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் காரில் உள்ளவற்றோடு நீங்களே ஒப்பிடுங்கள். விற்பவர் வாசித்துக் காட்டுவது போதாது. கம்பித் தூரிகையால் துருவைத் துடைத்து, இலக்கத் தகட்டைப் படமெடுத்து, ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் பாருங்கள். எங்கள் பகுதியில் பழைய கார்கள் பல, ஓட வேண்டிய கட்டாயத்தில் எஞ்சின் மாற்றப்பட்டவை. ஒஸ்ரினின் எஞ்சின் மொறிஸிலும், மொறிஸின் எஞ்சின் வேறொன்றிலும் இருப்பது இங்கே புதினமல்ல. மாற்றப்பட்ட எஞ்சின் பதிவில் திருத்தப்படாமல் இருந்தால், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைச் சரிசெய்யும் வேலை உங்கள் தலையில் விழும். தொழிற்சாலையிலிருந்து கார் எந்த எஞ்சினோடு வெளியேறியது என்பதை அறிய வேண்டுமானால், இங்கிலாந்தின் கேய்டனில் உள்ள பிரித்தானிய மோட்டார் அருங்காட்சியகம் எம்.ஜி கார்களுக்கு உற்பத்திப் பதிவேட்டுச் சான்றிதழ் வழங்குகிறது. திணைக்களத்தோடு பேசும்போது அது கையில் இருப்பது நல்லது.

அடுத்த பொறி உரிமை மாற்றம். பதிவுச் சான்றிதழில் உள்ள பெயர் விற்பவருடையதாக இராமல், கனடாவில் இருப்பவர் ஒருவருடையதாகவோ இறந்துபோன ஒருவருடையதாகவோ இருப்பதைப் பலமுறை காண்பீர்கள். வெளிநாட்டில் இருப்பவரானால் முறையான அற்றோணித் தத்துவம் வேண்டும். இறந்தவரானால் சொத்துரிமைப் பத்திரங்கள் வேண்டும். “எழுத்தெல்லாம் பிறகு பார்க்கலாம்” என்று சொல்லப்படும் இடத்தில் முற்பணம் கொடுக்காதீர்கள். உரிமை மாற்றப் படிவங்கள் இரண்டிலும், அதாவது வாங்குபவருக்கான எம்.டி.ஏ 6இலும் விற்பவருக்கான எம்.டி.ஏ 8இலும், பணம் கைமாறும் அன்றே கையெழுத்துப் பெறுங்கள். வருமான அனுமதிப்பத்திரம் எந்த ஆண்டோடு நின்றது, நிலுவையும் தண்டமும் எவ்வளவு என்பதைப் பிரதேச செயலகத்தில் கேட்டு, அந்தத் தொகையையும் காரின் விலையோடு சேர்த்துப் பேசுங்கள்.

2. எந்த எஞ்சின் என்று உறுதிப்படுத்துங்கள்

இந்தப் படி பலருக்குத் தேவையற்றதாகத் தெரியும். ஆனால் செலவைத் தீர்மானிப்பது இதுதான். 1962 முதல் 1966 வரையான மிட்ஜெற்றில் இருப்பது 1098 சி.சி. கொள்ளளவுள்ள ஏ-சீரிஸ் எஞ்சின். அதே காலத்து மொறிஸ் மைனரில் இருப்பதும் அதே குடும்பத்து 1098 சி.சி. எஞ்சின்தான். யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகளுக்கு மொறிஸ் மைனர் கைப்பழக்கமான வண்டி என்பதால், உங்கள் காரின் எஞ்சின் வேலைக்குக் கொழும்புக்குப் போகத் தேவையில்லை. கஸ்கெற், ஒயில் பம்ப், ரைமிங் செயின், தண்ணீர்ப் பம்ப் முதலிய பல பொருட்களை மொறிஸ் மைனரின் பெயரில் கேட்டால் கடைக்காரருக்கு உடனே விளங்கும்.

ஆனால் எல்லாம் ஒன்றென்று நினைத்துவிடாதீர்கள். இலக்கம் 10 சீ.ஜீ என்று தொடங்கும் முந்திய எஞ்சினில், பிஸ்ரன்கள் சுற்றவைக்கும் தண்டான கிராங்கின் மெயின் பெயறிங் விட்டம் ஒன்றே முக்கால் அங்குலம். 10 சீ.சீ என்று தொடங்கும் பிந்திய எஞ்சினில் அது 2 அங்குலம். இரண்டும் 1098 சி.சி.தான். எஞ்சின் இலக்கத்தின் முன்னெழுத்தைச் சொல்லாமல் பெயறிங் கேட்டால், பாதி வாய்ப்பில் தவறான பெட்டி வரும். மிட்ஜெற்றில் இரண்டு எஸ்.யூ காபரேற்றர்கள் இருக்கின்றன. 1098 எஞ்சின் வந்தபோது முன் சில்லுகளுக்கு டிஸ்க் பிரேக்கும் வந்தது. மொறிஸ் மைனரில் நான்கு சில்லுகளுக்கும் ட்ரம் பிரேக். எனவே எஞ்சினுக்கு ஊர்க் கடை உதவும், பிரேக்குக்கு உதவாது. செலவுத் திட்டத்தை எழுதும்போது இந்தப் பிரிவினையோடு தொடங்குங்கள்.

3. கழற்ற முன்னர் அளவுகளை எடுங்கள்

ஓடும் நிலையில் இருந்தால், அல்லது ஸ்ராட்டரால் சுற்றக்கூடிய நிலையில் இருந்தாலே, கம்ப்ரெஷன் அளவை, அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை, எடுங்கள். என் காரில் நான்கு சிலிண்டர்களும் முறையே 130, 125, 70, 120 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்) காட்டின. மூன்றாவது சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மீண்டும் அளந்தபோது அளவு 105க்கு ஏறியது. ஒயில் விட்டதும் ஏறினால் தேய்வு ரிங்கிலும் சிலிண்டர் சுவரிலும் இருக்கிறது. ஏறாவிட்டால் வால்விலோ கஸ்கெற்றிலோ இருக்கிறது. இந்த ஒரு சோதனைக்கு அரை மணித்தியாலம் போதும். எஞ்சின் சூடான பிறகு ஒயில் அழுத்தத்தையும் குறியுங்கள். ஓட்ட வேகத்தில் 40 பி.எஸ்.ஐ.க்கு மேலும், மெதுவாகச் சுற்றும்போது 15க்குக் குறையாமலும் நின்றால் கிராங் பிழைக்க வாய்ப்புண்டு.

1990களில் யாழ்ப்பாணத்தில் ஓடிய காரானால் இன்னொன்றையும் கேட்டறியுங்கள்: மண்ணெண்ணெயில் ஓடியதா? பெற்றோலால் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டிய காலத்தைக் கடந்து வந்த எஞ்சின்களில், எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் உள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கும் சம்பில் உள்ள ஒயிலையும் நீர்க்கச் செய்திருக்கும். சிலிண்டரும் பெயறிங்கும் ஒருசேரத் தேய்வது அதனால்தான். அப்படியான எஞ்சினுக்கு ரிங் மட்டும் மாற்றிச் சமாளிக்கலாம் என்ற யோசனையை முதலிலேயே விட்டுவிடுங்கள். முழு எஞ்சின் வேலைக்கே பணம் ஒதுக்குங்கள்.

4. கழற்றுதல்

இதைப்பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு பகுதியையும் கழற்ற முன் படமெடுங்கள். போல்ற்றுகளைத் தனித்தனிப் பைகளில் இட்டு, எங்கிருந்து வந்தவை என்று எழுதுங்கள். ஒரே ஓர் எச்சரிக்கை: இந்தக் காரின் நட்டுகள் அங்குல அளவானவை. மில்லிமீற்றர் ஸ்பனரைப் போட்டுத் திருப்பினால் முனைகள் உருண்டு, பிறகு உளியால் வெட்டி எடுக்க வேண்டி வரும். அங்குல ஸ்பனர் செற் ஒன்றுக்கு நான் 18,000 ரூபா கொடுத்தேன். அது போதுமானதும் அவசியமானதுமான செலவு. மரை தேய்ந்த துளைகளை மில்லிமீற்றர் மரைக்கு வெட்டிவிடுவோம் என்று பட்டறையில் சொன்னால் சம்மதிக்காதீர்கள். அடுத்தவர் கழற்றும்போது எந்தத் துளை எந்த அளவு என்று அவருக்குத் தெரியாது.

5. லேத் பட்டறை: இங்கேதான் பணம் மிஞ்சும், இங்கேதான் போகும்

நான் செய்த பெரிய பிழையை இங்கே சொல்லிவிடுகிறேன். எஞ்சினைத் திறந்த கையோடு, சிலிண்டரைக் கண்ணால் பார்த்துவிட்டு, 20 ஓவர்சைஸ் (மூல அளவைவிட அங்குலத்தின் ஆயிரத்தில் 20 கூடிய) பிஸ்ரன் செற் ஒன்றை இங்கிலாந்திலிருந்து தருவித்தேன். 230 பவுண் விலை. அனுப்புக் கூலியும் வரியும் சேர்ந்து கைக்கு வரும்போது 1 இலட்சத்து 17 ஆயிரம் ரூபா. பிறகு புளொக்கை, அதாவது சிலிண்டர்கள் உள்ள எஞ்சின் உடலை, லேத் பட்டறைக்குக் கொண்டுபோனபோது, அங்கிருந்த பெரியவர் ஒவ்வொரு சிலிண்டரையும் மேலும் நடுவிலும் கீழும், குறுக்கும் நெடுக்குமாக, ஆறு இடங்களில் அளந்தார். மூன்றாவது சிலிண்டர் 20 ஓவர்சைஸில் சுத்தமாகாது, 40க்குப் போக வேண்டும் என்றார். நான்கு சிலிண்டரும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதால், வந்த செற் முழுவதும் உதவாமல் போனது.

“அளந்து சொன்னாப் பிறகுதான் சாமான் எடுக்க வேணும், தம்பி. சாமான் கையில வந்தாப் பிறகுதான் நான் போர் பண்ணுவன்” என்று அவர் சொன்னது, இந்த வேலையின் ஒழுங்கு முழுவதையும் சொல்லும் வார்த்தை. முதல் அளத்தல், பிறகு வாங்குதல், பிறகு பிஸ்ரனைப் பக்கத்தில் வைத்து அதற்கேற்பக் கடைதல். பெட்டியில் 40 என்று எழுதியிருந்தாலும் ஒவ்வொரு உற்பத்தியாளரும் கேட்கும் இடைவெளி சற்று வேறுபடும். பிஸ்ரனைக் காணாமல் கடையச் சம்மதிக்கும் பட்டறையை விட்டு விலகுங்கள். கிராங்கும் அப்படித்தான். 10 அண்டர்சைஸா 20 அண்டர்சைஸா (அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை குறைத்துக் கடைய வேண்டும்) என்று அளந்து எழுதித் தந்த பிறகே பெயறிங் எடுங்கள்.

பட்டறையில் நான் கொடுத்தவை: நான்கு சிலிண்டர்களும் போர் பண்ண 16,000, கிராங் கடைய 18,000, சிலிண்டர் ஹெட் வேலைக்கு 30,000, கொனெக்ரிங் றொட் நேர்மை பார்த்தல் முதலிய சில்லறை வேலைகளுக்கு 8,000, ஆக 72,000 ரூபா. ஹெட் வேலை விலை கூடியதாகத் தெரிவதற்குக் காரணம், எக்ஸோஸ்ற் வால்வு நான்குக்கும் கடினப்படுத்திய சீற் (வால்வு வந்து அமரும் வளையம்) இறக்கியமை. இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நிறுத்தப்பட்டது. ஈயம் உள்ள பெற்றோலை எண்ணி வார்த்த ஹெட்டில், ஈயம் இல்லாத பெற்றோலோடு தொடர்ந்து வேகமாக ஓடினால் அந்தச் சீற்றுகள் உள்வாங்கிப்போகும். ஹெட் எப்படியும் பட்டறையில் இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள். பிறகு தனியாகச் செய்தால் கஸ்கெற்றும் கூலியும் இரண்டாவது தடவை போகும்.

புளொக் பட்டறையில் இருக்கும்போது தண்ணீர் ஓடும் அறைகளையும் திறந்து துப்புரவாக்கச் சொல்லுங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புப் பாறையிலிருந்து வருவது. கேத்தலுக்குள் படியும் வெள்ளைப் படிவம் எஞ்சினுக்குள்ளும் படிகிறது. என் புளொக்கின் பின்பக்கத்தில், நான்காவது சிலிண்டரைச் சுற்றி, விரல் தடிப்பில் படிவம் இறுகியிருந்தது. அதை எடுக்காமல் புதிய பிஸ்ரன் போட்டிருந்தால் அந்தச் சிலிண்டர் சூட்டில் பிடித்திருக்கும்.

காலத்தையும் கவனியுங்கள். மாரி காலத்தில் கடைந்த புளொக்கை ஒயில் பூசாமல் ஓர் இரவு விட்டாலே, உப்புக் காற்றில் சிவப்புத் துரு பிடித்துவிடும். தடிப்பாக ஒயில் பூசி, பொலித்தீனால் சுற்றிக் கொண்டுவாருங்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களிலும் பட்டறைகளில் ஆட்கள் குறைவு. அந்த மாதத்தில் வேலை முடியும் என்று எண்ணித் திட்டமிடாதீர்கள்.

6. பாகங்களைத் தருவித்தல்

ஸ்ரான்லி வீதியிலும் கொழும்பு பஞ்சிகாவத்தையிலும் முதலில் தேடுங்கள். அங்கே கிடைக்காதவற்றை மட்டும் இங்கிலாந்திலிருந்து எடுங்கள். அங்குள்ள கடைகள் வெளியிடும் விலையில் அந்நாட்டின் 20 சதவீதப் பெறுமதி சேர் வரி அடங்கியிருக்கும். ஏற்றுமதிக்கு அது இல்லை. வரி நீக்கிய விலை உங்கள் பற்றுச்சீட்டில் வந்திருக்கிறதா என்று பணம் செலுத்த முன் பாருங்கள். நான் முதல் தடவை பார்க்கவில்லை.

இங்கே சுங்கத்தில், பொருளின் விலையோடு அனுப்புக் கூலியும் காப்புறுதியும் சேர்ந்த தொகையின்மேல்தான் கணக்குத் தொடங்கும். தீர்வை போட்ட பிறகு, 2024 ஜனவரி முதல் 18 சதவீதமாக உள்ள பெறுமதி சேர் வரி அதன்மேல் வரும். எஞ்சின் உட்பாகங்கள் 8409 என்ற சுங்கத் தலைப்பிலும், வாகனத்தின் ஏனைய பாகங்கள் 8708இலும், பெயறிங் ஓடுகள் 8483இலும் வருகின்றன. தலைப்புக்குத் தலைப்பு வரி வேறுபடலாம் என்பதால், “கார் சாமான்” என்று ஒரே வரியில் எழுதிய பற்றுச்சீட்டு உங்களுக்கு நட்டம் தரலாம். பொருள் பொருளாக விலையிட்ட பட்டியலைப் பெட்டிக்குள் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். சிறு சிறு பொதிகளாக ஆறு தடவை எடுப்பதைவிட இரண்டு பெரிய பொதிகளாக எடுப்பது மலிவு. அதற்கும், எல்லாவற்றையும் முதலில் அளந்து முடித்திருக்க வேண்டும்.

லண்டனில் இருக்கும் மச்சானோ மாமாவோ ஊருக்கு வரும்போது கொண்டுவரச் சொல்வது எங்கள் எல்லோருக்கும் பழக்கம். புதிய, பெட்டி திறக்காத சாமானானால் பெரும்பாலும் சிக்கல் இராது. ஆனால் பாவித்த காபரேற்றரையோ பெற்றோல் பம்பையோ அவர்களிடம் கொடுத்துவிடாதீர்கள். பெற்றோல் மணம் இருந்தால் விமான நிலையத்தில் பொதியை மறித்துவிடுவார்கள். உறவினரை அந்த நிலைக்கு ஆளாக்குவது சரியல்ல.

எஞ்சினுக்கான சரியான பாகங்களுக்கு, அதாவது பிஸ்ரன், பெயறிங், கஸ்கெற் செற், ஒயில் பம்ப், ரைமிங் செயின், வால்வுகள் ஆகியவற்றுக்கு, 490 பவுணும் அனுப்பக் 70 பவுணும் போயின. சுங்கமும் பொதி எடுக்கும் கூலியும் 58,000 ரூபா. எல்லாம் சேர்த்து 2 இலட்சத்து 82 ஆயிரம்.

7. எஞ்சின் பட்டறையில் இருக்கும்போது பிரேக்கைச் செய்யுங்கள்

எஞ்சின் ஓடத் தொடங்கிய நாளில் எவருக்கும் காரை வீதிக்கு எடுக்காமல் இருக்க முடியாது. ஆகவே, அந்த நாள் வர முன் கார் நிற்கக்கூடியதாக இருக்க வேண்டும். மிட்ஜெற்றில் பிரேக்குக்கும் கிளச்சுக்கும் ஒரே வார்ப்பில் இரட்டை மாஸ்ரர் சிலிண்டர் இருக்கிறது. உள்ளே குழி விழுந்திருந்தால், ரப்பர் மட்டும் மாற்றுவது வீண். வெளியே நல்லதாகத் தோன்றும் வளையும் ஹோஸ்களையும் கட்டாயம் மாற்றுங்கள். உள்ரப்பர் வீங்கித் துளையை அடைத்துவிடுவதால், பிரேக் பிடித்தது விடாமல் நிற்பதுண்டு. பிரேக் ரப்பர்களை டீசலிலோ பெற்றோலிலோ கழுவ எவரையும் விடாதீர்கள். அவை வீங்கி உருக்குலைந்துவிடும். பிரேக் ஒயிலால் மட்டுமே கழுவ வேண்டும். இந்தத் தொகுதி எனக்கு 2 இலட்சத்து 30 ஆயிரம் ரூபா ஆனது. இதில் ஒரு சதமும் குறைக்க முயலாதீர்கள்.

முன் சில்லுத் தொகுதியில், சில்லு திரும்பும் அச்சான கிங்பின்னின் தேய்வே பெரிய செலவு. கிறீஸ் அடிக்காமல் விட்ட கார்களில் கீழ்ப்பக்கத்து ஊசியும் புஷ்ஷும் ஒன்றாக இறுகி, முழுக் கையையும் மாற்ற வேண்டி வரும். சில்லை உயர்த்தி மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தால், வாங்கும் நாளிலேயே தெரிந்துகொள்ளலாம். எனக்கு 1 இலட்சத்து 60 ஆயிரம்.

8. மற்றவை

ரேடியேற்றருக்குப் புதிய உள்ளகம் போட 35,000. அதற்குள் கிணற்றுத் தண்ணீர் விடாதீர்கள். வடித்த நீரும் கூலன்றும் மட்டும். கியர்பொக்ஸுக்கு 85,000, நான்கு ரயர்களுக்கு 1 இலட்சம், வயரிங், டைனமோ, பற்றறி ஆகியவற்றுக்கு 95,000, மெக்கானிக் கூலி 1 இலட்சத்து 40 ஆயிரம், ஒயில், போல்ற், கருவி முதலிய சில்லறைகளுக்கு 60,000. அந்தக் காலத்து மிட்ஜெற்றில் பற்றறியின் நேர் முனைதான் உடலோடு இணைந்திருக்கும். பழக்கத்தில் எதிர் முனையை உடலோடு பூட்டி விட்டால் சேதம் வரும் என்பதால், பற்றறித் தட்டுக்கு மேல் எழுதி ஒட்டுங்கள்.

இவற்றை 5ஆம், 6ஆம், 7ஆம் படிகளின் தொகைகளோடு கூட்டினால் 12 இலட்சத்து 59 ஆயிரம். உதவாத பிஸ்ரனையும் சேர்த்தால் நான் தொடக்கத்தில் சொன்ன தொகை வரும். மெக்கானிக் கூலி முழுச் செலவில் பத்தில் ஒரு பங்களவு மட்டுமே என்பதைக் கவனியுங்கள். கூலியில் பேரம் பேசி ஆயிரம் இரண்டாயிரம் மிச்சம் பிடிப்பவர்கள், அளக்காமல் வாங்கிய ஒரு பெட்டியில் அதைப்போல் ஐம்பது மடங்கை இழக்கிறார்கள். கூலியை நாளாந்தமாகப் பேசாமல், எஞ்சின், பிரேக், முன் தொகுதி என்று பகுதி பகுதியாகப் பேசி, ஒவ்வொன்றும் முடிந்ததும் கொடுங்கள்.

9. வீதிக்கு எடுத்தல்

வருமான அனுமதிப்பத்திரம் இல்லாமல் வீதியில் ஓட்ட முடியாது. அதற்குக் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும். ஆகவே, எஞ்சின் பூட்டி, இரண்டு காபரேற்றர்களையும் ஒரே அளவாக இழுக்கும்படி சீர்செய்த பிறகு, காரை லொறியில் ஏற்றியே புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள். ஏற்றி இறக்கும் கூலியை முன்கூட்டியே ஒதுக்குங்கள். பிறகு காப்புறுதி, அதன் பிறகு பிரதேச செயலகம். பெறுமதி மதிப்பீட்டோடு காப்புறுதி எடுக்க வேண்டுமானால், இதுவரை சேர்த்த பற்றுச்சீட்டுகளும் படங்களும் அங்கே பயன்படும்.

முதல் 500 மைல்களுக்கு மணிக்கு 45 மைலுக்கு மேல் போகாதீர்கள். ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டாமல் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டுங்கள். பொன்னாலைப் பாலத்தைக் கடந்து காரைநகர் போய்த் திரும்பும் வழி இதற்கு ஏற்றதென்றாலும், அங்கே போய்வந்த அன்றே அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். 500 மைல் முடிந்ததும் 20 டபிள்யூ 50 ஒயிலைப் புதிதாக மாற்றி, எஞ்சின் முற்றாக ஆறிய பிறகு ஹெட் நட்டுகளை உரிய வரிசையில் மீண்டும் இறுக்கி, வால்வு இடைவெளியை அங்குலத்தின் ஆயிரத்தில் 12 ஆக வையுங்கள். நட்டை இறுக்கினால் இடைவெளி மாறும், ஆகவே வரிசையை மாற்றாதீர்கள். வடித்த பழைய ஒயிலை ஒரு வெள்ளைத் துணியில் ஊற்றி வெயிலில் பிடித்துப் பாருங்கள். செப்பு நிறத் துகள் மின்னினால், மறுபடி ஸ்ராட் செய்யாமல் பட்டறைக்குத் தொலைபேசி எடுங்கள்.